கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போறீங்களா? கடைக்குப் போகும் முன் வீட்டு கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்க!

2020 ஊரடங்கு நேரத்தில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய டெஸ்க்டாப் பல வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்று அதில் பாடம் படித்த பிள்ளைகள் இன்று ஜிடிஏ 5 ஓடுமா, வேலோரன்ட் ஓடுமா என்று கேட்கிறார்கள். கேமைத் திறந்தால் படம் திக்கித் திக்கி நகர்கிறது. 'ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டா சரியாயிடும்' என்று நண்பர் ஒருவர் சொல்கிறார்.

சொன்னது தப்பில்லை. ஆனால் கடையில் போய் 'அண்ணே, 4 ஜிபி கார்டு எவ்வளவு?' என்று கேட்டால், பணம் வீணாக வாய்ப்பு அதிகம். ஏனென்றால் எத்தனை ஜிபி என்பதை வைத்து மட்டும் ஒரு கார்டின் வேகத்தைச் சொல்லவே முடியாது. அதைவிட முக்கியமான சில பதில்கள் உங்கள் வீட்டு கேபினெட்டுக்குள்ளேயே இருக்கின்றன. என்னென்ன பார்க்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கிராஃபிக்ஸ் கார்டு என்ன வேலை செய்கிறது?

சாதாரண ஃபுல் எச்டி மானிட்டரில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் இருக்கும். மொத்தம் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று கணக்குப் போட்டு, நொடிக்கு 60 முறை புதுப்படம் வரைந்தால்தான் கேம் வழுக்கிக்கொண்டு ஓடும். இதைத்தான் 60 எஃப்பிஎஸ் என்கிறார்கள்.

பிராசஸரில் நாலு, ஆறு, எட்டு என்று சில வலுவான கோர்கள் இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன கோர்கள் இருக்கும். 2019-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 கார்டில் மட்டும் 896 கோர்கள். எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதால்தான் அத்தனை புள்ளிகளையும் சமாளிக்க முடிகிறது.

கார்டில் இருக்கும் வி-ரேம் என்பது சமையல் மேடை மாதிரி. நறுக்கிய காய், மசாலா எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் சமையல் வேகமாக முடியும். மேடை சிறியது என்றால் ஒவ்வொன்றுக்கும் ஸ்டோர் ரூமுக்கு ஓட வேண்டும். அதே சமயம், மேடை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சமைக்கும் ஆள் மெதுவானவர் என்றால் பிரயோஜனம் இல்லை. ஜிபி எண்ணிக்கை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

முதல் கேள்வி: கார்டு கண்டிப்பா வேணுமா?

எல்லோருக்கும் தேவையில்லை. வேலோரன்ட் கேமுக்கு ரயட் கேம்ஸ் நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச தேவை இன்டெல் எச்டி 4000. அது 2012-ல் வந்த பிராசஸர்களுக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ். அதில் 30 எஃப்பிஎஸ் கிடைக்கும் என்கிறார்கள். 60 எஃப்பிஎஸ்-க்கு ஜிடி 730, 144-க்கு மேல் வேண்டுமென்றால் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. அதாவது, இந்த மாதிரி போட்டி கேம்கள் பெரிய கார்டு கேட்பதில்லை.

இன்னொரு விஷயம். தனி கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸ் வேலைக்கும் சாதாரண ரேம்தான் பயன்படுகிறது. பல கம்ப்யூட்டர்களில் 8 ஜிபி ரேம் ஒரே குச்சியாக இருக்கும். அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி சேர்த்தால் ரேம் இரட்டை வழியில் வேலை செய்யும். கேம் வேகம் கண்ணுக்குத் தெரியும் அளவு கூடும். குறிப்பாக ரைசன் 5 5600ஜி போன்ற, உள்ளேயே நல்ல கிராஃபிக்ஸ் இருக்கும் பிராசஸர்களில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். கார்டு வாங்கும் முன் செய்து பார்க்க வேண்டிய முதல் வேலை இது.

விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் கேம் ஆடிப் பாருங்கள். ஜிபியு 95 சதவீதத்துக்கு மேல் போய் நிற்கிறது என்றால் கிராஃபிக்ஸ்தான் திணறுகிறது. பிராசஸர் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு, ஜிபியு பாதியில் நிற்கிறது என்றால் புதுக் கார்டு போட்டும் பெரிய மாற்றம் வராது.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: இங்கே சொல்லும் கார்டுகளை லேப்டாப்புக்குள் பொருத்த முடியாது. டெஸ்க்டாப்புக்கு மட்டும்தான்.

கேபினெட்டைத் திறந்து பார்க்க வேண்டிய 4 விஷயங்கள்

1. எஸ்எம்பிஎஸ்

பலரும் மறப்பது இதைத்தான். மதர்போர்டில் கார்டு செருகும் பிசிஐஇ ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் மின்சாரம் தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளுக்கு எஸ்எம்பிஎஸ்-ல் இருந்து தனி வயர் வர வேண்டும். 6 பின் வயர் கூடுதலாக 75 வாட், 8 பின் வயர் 150 வாட் தரும்.

கேபினெட்டோடு சேர்ந்து வரும் விலை குறைந்த எஸ்எம்பிஎஸ்-ல் '450 வாட்' என்று பெரிதாக எழுதியிருக்கலாம். அதை நம்ப வேண்டாம். பக்கவாட்டு ஸ்டிக்கரில் '+12 வோல்ட்' என்ற கட்டத்துக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றால் 12 x 18 = 216 வாட். பிராசஸருக்கும் கார்டுக்கும் சேர்த்து அவ்வளவுதான் கிடைக்கும். ஸ்டிக்கரில் அந்த விவரமே இல்லை என்றால், தனி வயர் கேட்கும் கார்டை அதில் மாட்டாமல் இருப்பது நல்லது. தரமில்லாத எஸ்எம்பிஎஸ் போகும்போது மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோன கதைகள் ஏராளம்.

2. இடம்

இப்போதைய கார்டுகள் பெரும்பாலும் இரண்டு ஸ்லாட் தடிமன் இருக்கும். கேபினெட்டின் பின்பக்கத்தில் இருந்து முன்பக்கம் வரை ஸ்கேல் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒல்லியாக இருக்கிறதா? அதில் 'லோ புரொஃபைல்' எனப்படும் குட்டைக் கார்டுகள் மட்டும்தான் உட்காரும். அந்தப் பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ்-ஸும் தனி அளவில் இருக்கும் என்பதால் மாற்றுவதும் சிரமம்.

3. மதர்போர்டின் வயது

ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி ஆகிய இரண்டும் 4 லேன் மட்டும் பயன்படுத்தும் கார்டுகள். புதிய பிசிஐஇ 4.0 போர்டில் அது பெரிய குறையில்லை. ஆனால் பிசிஐஇ 3.0 போர்டில் வேகம் பாதியாகி, சில கேம்களில் கார்டு நன்றாகவே தடுமாறும். இன்டெல் 10-ம் தலைமுறை பிராசஸர் வரை எல்லாம் 3.0 அல்லது அதைவிடப் பழையதுதான். ரைசன் 5 5600ஜி-யும் 3.0 தான்.

இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு வேறு நிபந்தனை. 'ரீசைசபிள் பார்' என்ற வசதி பயாஸில் ஆன் ஆகியிருந்தால்தான் அவை முழு வேகத்தில் ஓடும். பழைய போர்டுகளில் இந்த வசதியே இருக்காது.

4. மானிட்டர்

உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால், கார்டு 150 எஃப்பிஎஸ் கொடுத்தாலும் நொடிக்கு 60 படங்களுக்கு மேல் காட்டாது. எனவே ஃபுல் எச்டி, 60 அல்லது 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர்கள் பெரிய கார்டுக்குச் செலவு செய்யத் தேவையே இல்லை. 4கே மானிட்டரில் புள்ளிகள் சுமார் 83 லட்சம், அதாவது நான்கு மடங்கு. அது பட்ஜெட் கார்டுகளின் வேலை இல்லை.

நீல நிற விஜிஏ வயர் மட்டும் இருக்கும் பழைய மானிட்டரா? இப்போது வரும் கார்டுகளில் விஜிஏ கிடையாது. எச்டிஎம்ஐ-யில் இருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் அடாப்டர் ஒன்றையும் சேர்த்து வாங்க வேண்டும்.

பெயர் ஒன்று... சரக்கு வேறு!

பெட்டியின் மேல் இருக்கும் பெயர் ஒன்றாகவும் உள்ளே இருக்கும் சரக்கு வேறாகவும் இருப்பது இந்தத் துறையில் சகஜம். பணம் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

• ஜிடி 1030: 2017-ல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது. அடுத்த ஆண்டே அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடும் விற்பனைக்கு வந்தது. முதல் கார்டின் மெமரி நொடிக்கு 48 ஜிபி தரவை நகர்த்தும். இரண்டாவது கார்டில் அது 16.8 ஜிபி மட்டுமே. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு!

• ஆர்டிஎக்ஸ் 3050: 2022-ல் வந்தது 8 ஜிபி, 2560 கோர், 130 வாட். 2024-ல் வந்தது 6 ஜிபி, 2304 கோர், 70 வாட். குறைந்திருப்பது 2 ஜிபி மட்டும் இல்லை, வேகமும்தான். ஆனால் இரண்டுக்கும் ஒரே பெயர்.

• ஆர்எக்ஸ் 580: அசல் கார்டில் 2304 கோர்கள். '2048எஸ்பி' என்று சின்ன எழுத்தில் போட்டு வருவது கிட்டத்தட்ட ஆர்எக்ஸ் 570. ஆன்லைனில் ரொம்ப விலை குறைவாகப் பார்த்தால் இந்த எழுத்தைத் தேடுங்கள்.

• ஜிடி 730: 2014-ல் வந்த கார்டு. '4 ஜிபி' என்று பெட்டியில் பெரிதாக எழுதி இன்றும் சில இடங்களில் புதிதாக விற்கிறார்கள். உள்ளே இருப்பது மெதுவான டிடிஆர்3 மெமரி. இதற்கு வழக்கமான டிரைவர் அப்டேட்டை என்விடியா 2021-லேயே நிறுத்திவிட்டது. '4 ஜிபி கார்டு எவ்வளவு?' என்று கேட்பவர் கையில் இது வந்து சேர்ந்தால் கடைக்காரர் பொய் சொன்னதாகவும் ஆகாது!

அப்போ எத்தனை ஜிபி போதும்?

வேலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, மைன்கிராஃப்ட், ஜிடிஏ 5-ன் பழைய பதிப்பு ஆகியவற்றுக்கு 4 ஜிபி போதும். 2015-ல் பிசிக்கு வந்தபோது ஜிடிஏ 5 பரிந்துரைத்தது 2 ஜிபி கார்டைத்தான்.

புதிதாக வரும் பெரிய கேம்களையும் ஆட ஆசை இருந்தால் 8 ஜிபி-யில் இருந்து தொடங்குங்கள். 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்' கேமுக்கு ரே ட்ரேசிங் வசதியுள்ள கார்டு கட்டாயம். குறைந்தபட்சமே 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் அல்லது ஆர்எக்ஸ் 6600 கேட்கிறது. 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' கேமுக்கும் ரே ட்ரேசிங் கட்டாயம். செட்டிங்ஸை எவ்வளவு குறைத்தாலும் ஜிடிஎக்ஸ் 1650-க்கு இவை எட்டாக்கனிதான்.

யாருக்கு எந்த கார்டு?

விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால், வீட்டில் இருக்கும் எஸ்எம்பிஎஸ்-ஐ வைத்துப் பிரித்துக்கொள்வதுதான் எளிது.

தனி வயர் கிடையாது, எஸ்எம்பிஎஸ் மாற்றவும் முடியாது:

75 வாட்டுக்குள் இருக்கும் கார்டுகள்தான் வழி. இதில் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி முதல் தேர்வு. 70 வாட்டில் ஓடும். குட்டைக் கார்டாகவும் கிடைக்கிறது. குறைந்த அளவில் படத்தை வரைந்து ஏஐ மூலம் பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் வசதியும் உண்டு. அடுத்தது ஜிடிஎக்ஸ் 1650. 4 ஜிபி-தான், டிஎல்எஸ்எஸ் கிடையாது. சில மாடல்களில் 6 பின் வயர் தேவைப்படும் என்பதால் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட்தான். ஆனால் மேலே சொன்ன லேன் சிக்கலோடு, வீடியோ ரெக்கார்டிங்குக்கான என்கோடரும் அதில் இல்லை. கேம் ஆடி யூடியூபில் போட நினைப்பவர்களுக்கு அது சரிவராது.

நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ், ஒரு 8 பின் வயர் இருக்கிறது:

2021-ல் வந்த ஆர்எக்ஸ் 6600 இன்னும் கடையில் கிடைத்தால் தயங்காமல் பார்க்கலாம். 8 ஜிபி, 132 வாட். ஃபுல் எச்டி-யில் பெரும்பாலான கேம்களை நல்ல செட்டிங்ஸில் ஓட்டும். ஏஎம்டி-யே 450 வாட் எஸ்எம்பிஎஸ் போதும் என்கிறது.

550 வாட் அல்லது அதற்கு மேல்:

2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5050, ஆர்டிஎக்ஸ் 5060, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஆகியவை இந்த வரிசை. அறிமுக விலை முறையே 249 டாலர், 299 டாலர், 8 ஜிபி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-க்கு 299 டாலர். அதே பெயரில் 16 ஜிபி மாடல் 349 டாலர். இங்கேயும் பெயர் ஒன்று, சரக்கு இரண்டு என்பதைக் கவனியுங்கள். 249 டாலரில் வந்த இன்டெல் ஆர்க் பி580-ல் 12 ஜிபி மெமரி இருக்கிறது. ஆனால் 190 வாட் எடுக்கும், பழைய பிராசஸரோடு சேர்ந்தால் வேகம் குறையும். புது கம்ப்யூட்டர் கட்டுபவர்களுக்குத்தான் அது பொருந்தும்.

டாலர் விலையை அப்படியே ரூபாய்க்கு மாற்றிப் பார்த்துவிட்டு 'இங்க ஏன் இவ்வளவு ஜாஸ்தி?' என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க விலையில் வரி சேராது. இங்கே 18 சதவீத ஜிஎஸ்டி, இறக்குமதியாளர் மற்றும் கடைக்காரரின் லாபம் எல்லாம் சேரும். போதாக்குறைக்கு, ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் 2025 இறுதியில் மெமரி சிப் விலையும் எகிறியது.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் கண்ணால் பார்க்காமல் வாங்கக் கூடாது. எத்தீரியம் கிரிப்டோ நாணயத்தை எடுக்க ஆயிரக்கணக்கான கார்டுகள் இரவு பகலாக ஓடின. 2022 செப்டம்பரில் எத்தீரியம் அந்த முறையைக் கைவிட்டதும் அவை சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடிய கார்டு எல்லாமே குப்பை என்று சொல்ல முடியாது. ஆனால் ஃபேன் தேய்ந்திருக்கும், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், மெமரி சிப் சூடு தாங்கித் தாங்கி களைத்திருக்கும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ, தெரிந்தவர் வீடோ, எங்கே வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் இவற்றைச் செய்யுங்கள்:

• கம்ப்யூட்டரில் மாட்டி, ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். கோர் எண்ணிக்கை, மெமரி வகை எல்லாம் அதில் தெரியும். பெயரை மாற்றி ஏமாற்றும் போலி என்விடியா கார்டுகளை அதுவே 'ஃபேக்' என்று காட்டிக்கொடுக்கும்.

• ஃபர்மார்க் போன்ற சோதனையைப் பத்து நிமிடமாவது ஓட்டுங்கள். திரையில் புள்ளி, கோடு வந்தாலோ, கம்ப்யூட்டர் அணைந்து போனாலோ நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

• ஃபேன் சத்தம் கேளுங்கள். ஸ்க்ரூக்களில் கீறல், துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

• ஒரிஜினல் பில், சீரியல் நம்பர் ஸ்டிக்கர் இரண்டும் இருக்க வேண்டும். சீரியல் நம்பர் கிழிந்திருந்தால் வாரன்டி கேட்டு வாதாட முடியாது.

பழைய கார்டில் இன்னொரு கணக்கும் உண்டு. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 போன்ற 10 வரிசைக் கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் அப்டேட் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான் வரும். பழைய கேம்களுக்குப் பிரச்னையில்லை. ஆனால் 'இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டலாம்' என்று சொல்லி யாராவது விற்றால், அந்தப் பேச்சுக்கு விலை கொடுக்காதீர்கள்.

மாட்டிய பிறகு மறக்கக் கூடாதது

புதுக் கார்டு போட்டும் வேகம் மாறவில்லை என்று திரும்பக் கொண்டுவருபவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. மானிட்டர் வயரைப் பழையபடி மதர்போர்டிலேயே செருகியிருப்பார்கள்! எச்டிஎம்ஐ வயர் கீழே இருக்கும் கார்டில்தான் போக வேண்டும். அடுத்து, டிரைவரை என்விடியா, ஏஎம்டி அல்லது இன்டெல்லின் சொந்த இணையதளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள்.

கடைசியாக பட்ஜெட். கையில் 20 ஆயிரம் ரூபாய் இருந்தால், 20 ஆயிரத்துக்கும் கார்டு தேடாதீர்கள். எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டுமா, இன்னொரு ரேம் வேண்டுமா, அடாப்டர் வேண்டுமா என்று முதலில் கணக்குப் போட்டு அதைக் கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் கார்டுக்கான பணம்.

ஒரு துண்டுச் சீட்டில் ஐந்து விஷயம் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்: பிராசஸர் பெயர், மதர்போர்டு மாடல், எஸ்எம்பிஎஸ்-ன் 12 வோல்ட் ஆம்பியர், கேபினெட்டின் நீளம், மானிட்டரின் ஹெர்ட்ஸ். அதோடு ஆட நினைக்கும் மூன்று கேம்களின் பெயர். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் கார்டின் முழு மாடல் பெயரை, மெமரி வகையோடு சேர்த்து ஜிஎஸ்டி பில்லில் எழுதச் சொல்லி வாங்குங்கள். 'வெறும் 4 ஜிபி கார்டு' என்று பில் போட்டால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்க!